திரும்பிப் பார்க்காமல் ஓடும் ஊர்

1

நாளைக் காலை எங்கள் ஊரில் எல்லாரும் ஓடுவோம். அபாயச் சங்கு ஊதியதும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுக் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். கிழவர், பிள்ளைத்தாய்ச்சி, ஊர்த்தலைவர் யாருக்கும் விலக்கு கிடையாது. பழைய பேரலை வந்த அதே தேதியில் வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பயிற்சி நடக்கிறது.

இன்று காலை மாரி சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"நைனா, நாளைக்கி நீ நிக்காம ஓடுவியா?"

"ஓடுவேன்."

"மெய்யாலுமே?"

"மெய்யாலுமே."

அவள் நம்பவில்லை. பையை முதுகில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். எட்டு வயது, எனக்கு ஒரே மகள். அவள் நம்பாததற்குக் காரணம் நான்தான். இந்தக் கடற்கரையில், அப்பன் ஓடிவிடுவான் என்று பிள்ளை நம்பாவிட்டால் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. நம் செஞ்சியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

வாசகசாலை நண்பர்களே, ஜப்பானின் பூ மரங்களைப் பற்றியும் வேகமான ரயிலைப் பற்றியும் எழுதச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தீர்கள். பூவைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ரயில் நான் இருக்கும் பக்கம் வருவதே இல்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

2

என்னை மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பஜாரில் எண்ணெய்க்கடை வைத்திருப்பவரின் மூத்த மகன் ஏழுமலை நான். வல்லம் வட்டார அலுவலகத்தில் கிராம சேவக்காக இருந்தேன். கயிறு பிடித்து நேர்வரிசையில் நாற்று நடும் ஜப்பான் முறையை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. வல்லத்துக்காரர் ஒருவர் வரப்பில் நின்றபடி, "நாத்து நட கவுறு எதுக்குபா? ஊடா கட்டப் போற?" என்று கேட்டதும் சுற்றி இருந்தவர்கள் சிரித்ததும் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த முறையை ஜப்பானிலேயே ஒரு வருஷம் தங்கிப் பார்த்துவிட்டு வா என்று சர்க்கார் அனுப்பியது. ஒரு விவசாயி வீட்டில் தங்க வைத்தார்கள். அந்த விவசாயி பாதி நாள் வயலிலும் பாதி நாள் கடலிலும் இருப்பவர். அவருடைய மகள் சாச்சிகோ. வருஷம் முடிந்து ஊருக்கு வந்தேன், நைனாவோடு சண்டை போட்டேன், திரும்பி வந்து சாச்சிகோவைக் கட்டிக்கொண்டேன். நெல் படிக்க வந்தவன் இப்போது கூட்டுறவுச் சங்கத்துக் கொட்டகையில் கடற்பாசி காய வைக்கிறேன். ஏழுமலை என்ற பெயர் இவர்கள் வாயில் எருமராய் என்று வருகிறது. எருமை முக்கால்வாசி வந்துவிட்டது, வால் மட்டும்தான் பாக்கி.

இங்கே மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே முறம் அளவு சமதரை. அதில்தான் வீடுகள், பள்ளிக்கூடம், சங்கக் கொட்டகை, தபாலாபீஸ் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மேலே படிப்படியாகக் கொத்தி எடுத்த காய்கறி நிலங்கள். அதற்கும் மேலே பைன் காடு. நம் செஞ்சி மலைகள் ராஜகிரி, கிருஷ்ணகிரி போலப் பாறை வெளியே தெரியாது. மாசி பங்குனியில் கடற்பாசி வரும். பழுப்பாகப் படகில் வந்து இறங்குவதைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கினால் பச்சைப் பசேலென்று ஆகிவிடும். கொடி கட்டிக் காயப் போடுவோம். ஐப்பசியில் அதே கொடியில் கணவாய் மீன் காயும். நாளுக்கு இரண்டு பஸ். பனி கொட்டினால் அதுவும் கிடையாது.

மேட்டுக்குப் போகும் படிக்கட்டில் பாதி வழியில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். பழைய பேரலை அதுவரை ஏறியது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று நம் பக்கம் சொல்வோம். அதைச் சொன்னவர் ஏரி உடைந்ததைப் பார்த்திருப்பார், கடல் எழுந்ததைப் பார்த்திருக்க மாட்டார். இங்கே சாண்தான் உயிர்.

3

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தரை ஆடி, கடல் வரும் என்று தெரிந்தால் யாரும் யாரையும் தேடிப் போகக் கூடாது. அவரவர் இருக்கும் இடத்திலிருந்து அவரவர் ஏற வேண்டும். பெற்ற தாயானாலும் சரி. கல்யாணமான முதல் வாரத்தில் சாச்சிகோ இதைச் சொன்னபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. மனுஷ ஜென்மமா இவர்கள் என்று நினைத்தேன். இவர்கள் பேச்சை என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

"நான் கைக்குழந்தையா இருந்தப்ப பெரிய அலை வந்துச்சு. அப்பா என்னை முதுகில் கட்டிக்கிட்டு ஏறினார். அம்மாவும் பாதி வழி ஏறிட்டாங்க. அண்ணனைக் காணோம்னு திரும்பி இறங்கினாங்க."

"அண்ணன்?"

"அண்ணன் அதுக்கு முன்னாடியே மேட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மாதான் வரல."

அவள் அழாமல் சொன்னாள். நாளை ஓடப் போகும் தேதி என் மாமியாரின் திதியும்தான். மாமனார் விடியற்காலையில் எழுந்து படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றுவார். பிறகு போய்ப் படிக்கட்டில் கிடக்கும் பனியைக் கூட்டுவார், யாரும் வழுக்கி விழக் கூடாது என்று.

கேட்டு வைத்துக்கொண்டேன். ஆனால் காதில் கேட்பது வேறு, ரத்தத்தில் ஊறுவது வேறு. நான் வளர்ந்த வீட்டில் தலை எண்ணாமல் வண்டி கிளம்பாது. ஒருமுறை மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்விட்டு மறுநாள் காலை திரும்ப பஸ் ஏறினோம். நைனா எண்ணினார். பதினாலு பேர் வந்தோம், பதிமூணு பேர்தான் இருந்தார்கள். பெரியத்தையைக் காணோம். நைனா இறங்கிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"யோவ் பெரியவரே, நவுருயா. டைம் ஆவுது," என்றார் டிரைவர்.

"எங்க அக்கா வராம இது நவுராது. வேணும்னா என்மேல ஏத்திக்கினு போ."

கோயில், குளம், பொரிகடலைக் கடை என்று எல்லாரையும் தேட விட்டார். ஒன்றரை மணி நேரம். கடைசியில் பெரியத்தை அதே பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் ஆளாக ஏறியவளே அவள்தான். பஸ்ஸே திட்டியது. நைனா துளியும் அசரவில்லை.

"உள்ளயே இருந்தா இன்னா? தேடனது தப்பா?"

நானும் அதையேதான் நினைத்தேன், தேடுவது ஒருநாளும் தப்பாகாது என்று.

4

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை கடைசி. நைனா பார்சலில் அனுப்பிய விதைக்கடலையை மேட்டு நிலத்தில் ஊன்றிக்கொண்டிருந்தேன். தரை ஆடியது. இங்கே அது மாதத்துக்கு ஒன்று இரண்டு நடக்கும், பழகிவிட்டது. அன்று நிற்கவே இல்லை. வரப்புக் கற்கள் உருண்டன. கீழே சங்கு ஊதியது.

நான் நின்ற இடம் கோயில் மேட்டுக்குச் சமமான உயரம். பக்கவாட்டில் கால் மைல் நடந்தால் போதும், வேர்க்காமல் போய்ச் சேரலாம். நான் கீழே ஓடினேன். மாரி அப்போது முதல் வகுப்பு. பள்ளிக்கூடம் கடலிலிருந்து இருநூறு அடி தூரத்தில் இருக்கிறது. தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள். எனக்கு இரண்டும் ஆடின.

வழியில் மாமனார் எதிரே ஏறி வந்தார். கையை விரித்து மறித்தார்.

"எங்கே?"

"மாரி."

"அவ ஓடியிருப்பா. திரும்பு."

அவரை ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஓடினேன். எழுபது வயசு மனுஷர். மூங்கில் புதரில் விழுந்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அதே வழியில் தன் மனைவியிடமும் இந்தச் சொற்களையே சொன்னார் என்று பிறகு சாச்சிகோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கீழே ஒரு மனிதர் இல்லை. அடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது, கதவுகள் திறந்து கிடந்தன. பள்ளிக்கூடத்தில் ஒவ்வோர் அறையாகப் போய் "மாரி, மாரி" என்று கத்தினேன். ஒரு அறையில் கரும்பலகையில் பாதி எழுதிய கணக்கு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடல் இல்லை. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை ஆத்திரம்தான் இருந்தது.

மாடிக்கு ஏறினேன். தண்ணீர் ஆர்ப்பாட்டம் இல்லாமல் வந்தது. கறுப்பாக, பலகையும் வலையும் பீப்பாயுமாக, வாசலில் நுழைந்து கீழ் அறைகளை ஜன்னல் வரைக்கும் நிரப்பியது. மரக் கட்டடம் முனகியது. பிற்பகல் வரை அங்கேயே கிடந்தேன். மாரி செத்துப்போனாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

மாரி அப்போது மேட்டில் கோயில் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். சங்கு ஊதியதும் வகுப்போடு ஓடி, எல்லாருக்கும் முன்னால் ஏறியவர்களில் அவளும் ஒருத்தி. அங்கே என்ன நடந்தது என்பதைச் சாச்சிகோ பிறகு சொன்னாள். ஊர் ஆபீஸ் எழுத்தர் பதிவேட்டை எடுத்து வீடு வீடாகப் பெயர் படித்தார். சாச்சிகோ பெயரும் மாமனார் பெயரும் வந்தன. படித்து முடித்து மூடிவிட்டு, "எல்லாரும் இருக்கிறார்கள், ஒருவரும் குறையவில்லை," என்றார். ஊரே பெருமூச்சு விட்டது. அப்போது மாரி எழுந்து நின்று சொன்னாளாம், "என் அப்பா இல்லை."

இந்த நாட்டில் குடும்பப் பதிவேட்டில் அந்நியர் பெயர் ஏறாது. பிள்ளை அப்பன் நாட்டைச் சேர்ந்தது என்பதால் மாரியும் அந்நியர்தான். எனக்குத் தனியாக ஒரு சிறு புத்தகம் உண்டு, விரல் ரேகை வைத்தது. அது ஆபீஸில் வேறு அலமாரிக் கணக்கு. அந்தப் பதிவேட்டின்படி நானும் மாரியும் கடலோடு போயிருந்தாலும் ஊரில் ஒருவரும் குறைந்திருக்க மாட்டார்கள்.

5

தண்ணீர் வடிந்து, சேற்றில் நடந்து மேட்டுக்குப் போனேன். மாரி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். சாச்சிகோ வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

"இன்னிக்கி நீ செத்திருந்தா அவ வாழ்நாள் முழுக்க என்னால அப்பா செத்தார்னு நினைச்சிட்டிருப்பா. என் அண்ணன் அப்படித்தான் இருக்கார். வளர்ந்ததும் ஊரை விட்டுப் போனார், அப்புறம் இந்தப் பக்கமே வரல."

மாமனார் கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான் தரையில் நெற்றி படக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே தட்டு மீன், பேச்சு மட்டும் இல்லை.

செஞ்சியிலிருந்து தம்பி கையெழுத்தில் நைனாவின் கடிதம் வந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறான். 'கடலு ஊட்டுக்குள்ள வர்ற ஊர்ல ஒனக்கு இன்னா வேலை? மாமனாரு ஊட்டு பாசமெல்லாம் போதும். பொண்ண இட்டுனு வந்துடு. நீ எறங்கிப் போயி தேடனத கேட்டு எனக்கு பெருமையா இருந்துச்சி. எம் புள்ளைன்னா அப்டித்தான் இருப்பான்.' அந்தக் கடைசி வரியை எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கில்லை. மாரிக்கும் படித்துக் காட்டினேன். அந்த வேலையைச் செய்திருக்கக் கூடாது.

அந்தக் கோடையில், இனிமேல் தேடி வர மாட்டேன் என்று சாச்சிகோ முன்னால் மாரியிடம் சத்தியம் செய்தேன். மாரி என் முகத்தைப் பார்த்தாள், சாச்சிகோ முகத்தைப் பார்த்தாள், சரி என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தமிழ் குறைந்துகொண்டே வந்தது. நான் தமிழில் கேட்டால் ஜப்பானியத்தில் பதில். சோறு, தண்ணி, தூக்கம் இவை மூன்றும்தான் மிச்சம் என்று கவலைப்பட்டேன். பிள்ளை கை நழுவுகிறதே என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் மனத்துக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

6

போன ஐப்பசி. கணவாய் காயும் காலம். சங்கக் கொட்டகையில் கொடி மாற்றிக்கொண்டிருந்தேன். பகல் பதினொரு மணி இருக்கும், தரை ஆடியது. அதே மாதிரி நீளமாக. சங்கு.

கொட்டகையிலிருந்து ஏறும் வழி ஐம்பது அடியில் இரண்டாகப் பிரிகிறது. இடது கைப் பக்கம் பள்ளிக்கூடம். வலது கைப் பக்கம் மேடு. பிரியும் இடத்தில் நின்றேன். நிற்கக் கூடாது, நின்றேன். கால் இடது பக்கம்தான் இழுத்தது. ஓடியிருப்பாள், ஓடியிருப்பாள் என்று மாமனார் சொன்னதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வலது பக்கம் ஏறினேன். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக என்னை நான் நினைத்ததில்லை.

மேட்டில் சாச்சிகோ இருந்தாள். மாமனார் இருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். மஞ்சள் தொப்பிகளை எண்ணினேன், முகங்களைப் பார்த்தேன். மாரி இல்லை.

வாத்தியாரம்மா இளம் பெண், முகம் வெளுத்துப்போயிருந்தது. "வகுப்பிலிருந்து வரிசையில்தான் வந்தாள். கேட் வரைக்கும் இருந்தாள். நான் பார்த்தேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மேட்டு விளிம்புக்கு ஓடினேன். கீழே பள்ளிக்கூடம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது. கேட் ஓரத்தில் ஒரு சிவப்புப் பை. அதை முதுகில் சுமந்துகொண்டு மாரி நின்றுகொண்டிருந்தாள். ஓடவில்லை, அழவில்லை. கொட்டகையிலிருந்து வரும் பாதையையே பார்த்தபடி நின்றாள். குடாவில் தண்ணீர் பின்வாங்கத் தொடங்கியிருந்தது.

நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். சாச்சிகோ குறுக்கே வந்து நின்றாள்.

"நீ இறங்கிப் போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணி வந்துடும். அங்கேயே ரெண்டு பேரும்..."

"அவ என்னைப் பார்த்துட்டு நிக்கிறா."

"அப்ப நீ இங்க இருக்கறதை அவ பார்க்கணும்."

அது என் மண்டையில் ஏற ஒரு நொடி ஆயிற்று. விளிம்பில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை துருத்திக்கொண்டிருக்கிறது. அதில் யாரும் ஏறுவதில்லை, அந்தப் பக்கம் செங்குத்தான சரிவு. செஞ்சிப் பிள்ளைக்குப் பாறை ஏறச் சொல்லித் தர வேண்டாம். ரப்பர் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஏறினேன். சட்டையைக் கழற்றி ஆட்டினேன். அவள் பாதையைத்தான் பார்த்தாள், மேலே பார்க்கவில்லை. மேட்டில் இருந்த அத்தனை பேரும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். சங்கு எல்லாவற்றையும் விழுங்கியது.

என் இரண்டு கால்களையும் யாரோ பிடித்தார்கள். குனிந்து பார்த்தேன். மாமனார். பாறையில் மார்பை அழுத்திக்கொண்டு, என் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் விழாமலும் போகாமலும் இருக்க.

"சங்கு மூச்சு விடும். அப்ப கத்து," என்றார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

சங்கு நின்றது. அடுத்தது தொடங்குவதற்குள் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"மாரீ. நைனா மேல கீறேன். ஏறுடீ."

அந்தக் கடற்கரை முழுக்கத் தமிழில் கத்த வேறு ஆள் கிடையாது. அவள் தலை நிமிர்ந்தது. நான் நிற்பதைப் பார்த்தாள். நம்பாத மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு எத்தனை வயது கூடியது என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு ஓடினாள். பையைக் கழற்றிப் போடக்கூடத் தோன்றாமல், பை முதுகில் குதிக்கக் குதிக்க ஓடினாள். படிக்கட்டு மரங்களுக்குள் மறைந்தாள். அவள் மேலே வந்து சேருமுன் தண்ணீர் கேட்டைத் தொட்டது.

அன்றைக்கு வந்தது முழங்கால் அளவுதான். கேட்டைத் தாண்டி, வராந்தாப் படியை நனைத்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. நான்கு பீப்பாயும் கொஞ்சம் கணவாயும்தான் சேதம். ஊர் அதைச் சின்ன அலை என்று எழுதிக்கொண்டது.

7

அவளைப் பிடித்து உலுக்கினேன். அடித்தும் இருப்பேன், சாச்சிகோ கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி நின்னே?"

"நீ வருவியே, அதான்."

"வரமாட்டேன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னே. ஆனா நீ வருவே." தமிழில்தான் சொன்னாள், தடுமாறாமல். "போன வாட்டி ஒவ்வொரு ரூமா தேடினு இருந்தே, தண்ணி வந்துச்சி. கேட்டாண்டயே நின்னா பாத்த ஒடனே ரெண்டு பேரும் ஏறிடலாம்னு நெனச்சேன்."

நான் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றினேன்.

"அந்த நோட்டுல நம்ம பேரு இல்லியே நைனா. நம்ம ரெண்டு பேர நாமதானே எண்ணணும். தாத்தா கூட லெட்டர்ல எயுதினாரே."

என் அப்பன் எனக்குக் கொடுத்ததை நான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். கொலை ஆயுதத்தைச் சீதனமாகக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. முதல் தடவை அவள் இந்த ஊர்ப் பிள்ளையாக ஓடிப் பிழைத்தாள். இரண்டாம் தடவை என் பிள்ளையாக நின்று சாகப் பார்த்தாள். பிள்ளை கை நழுவுகிறது என்று நான் புலம்பிய அதே மாதங்களில் அவள் என்னை இறுகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் ஊர் ஆபீசுக்குப் போனேன். எழுத்தர் மரியாதையாக எழுந்து வணங்கினார். சட்டப் புத்தகத்தைக் காட்டினார். அந்நியர் பெயரைக் குடும்பப் பதிவேட்டில் ஏற்ற வழியில்லை என்று அரைமணி நேரம் விளக்கினார். நான் அவர் மேசைக்கு முன்னால் நின்றேன். வேறு வழி தெரியாது எனக்கு. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது, நான் நகரவில்லை. கடைசியில் அவர் மேட்டுக்கு எடுத்துப் போகும் பிரதியில் மட்டும், எங்கள் வீட்டுப் பக்கத்தின் அடியில், இரண்டு பெயரையும் பென்சிலால் எழுதினார். பேனாவால் எழுதினால் மேலிடத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டுமாம்.

"இப்ப நோட்டுல பேரு இருக்குது," என்று மாரியிடம் சொன்னேன்.

"சரி," என்றாள். அந்தச் சரி எனக்குப் பழக்கமான சரி.

"எழுதி என்ன? நீ ஓடறதை அவ பார்க்கணும். பார்த்தாத்தான் நம்புவா. நம்பினாத்தான் ஓடுவா," என்றாள் சாச்சிகோ.

அதனால் பனிக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடினோம். நான் கொட்டகையிலிருந்து, மாரி பள்ளிக்கூட வாசலிலிருந்து. மேலே மாமனார் கையில் தகர டப்பாவோடு நின்று, சங்குக்குப் பதிலாக அதைத் தட்டுவார். முதல் ஞாயிறு நான் பாதை பிரியும் இடத்துக்கு வந்தால், மாரி அங்கே நின்றுகொண்டிருக்கிறாள். என்னைக் கண்டதும் சிரித்துக் கையை நீட்டினாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மேலே சாச்சிகோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாவது ஞாயிறும் நின்றாள். நான் நிற்கவில்லை. நீட்டிய கையைத் தாண்டி ஓடினேன். "நைனா, நைனா" என்ற குரல் பின்னாலேயே வந்தது. திரும்பவில்லை. மேலே போய் உட்கார்ந்தேன். அவள் அழுதுகொண்டே ஏறி வந்தாள், என் பக்கத்தில் உட்காரவில்லை. மாமனார் மடியில் போய் உட்கார்ந்தாள். அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. தமிழிலும் இல்லை, ஜப்பானியத்திலும் இல்லை.

அப்படி ஆறு ஞாயிறு. ஏழாவது ஞாயிறு பாதை பிரியும் இடத்தில் அவள் இல்லை. ஆனால் படிக்கட்டின் முதல் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தாள். போன வாரமும் அதே திருப்பத்தில்தான். அதனால்தான் இன்று காலை அப்படிக் கேட்டாள். அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

8

மேலே எழுதியது நேற்று. இது இன்று பகலில் எழுதுவது.

காலையில் பனி லேசாகத் தூறியது. கொட்டகையில் கடற்பாசி முக்கும் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. சங்கு ஊதியதும் இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடினேன். பாதை பிரியும் இடம், யாரும் இல்லை. வலது பக்கம் ஏறிப் படிக்கட்டு அடிக்கு வந்தபோது பள்ளிக்கூட வரிசை அந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. மஞ்சள் தொப்பிகள். மூன்றாவது வரிசையில் மாரி.

என்னைப் பார்த்தாள். பத்தடி தூரம்தான். அவள் கால் ஒரு படியில் தயங்கியது எனக்குத் தெரிந்தது. என் வாய் அவள் பெயரைச் சொல்லத் திறந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள்.

முதல் திருப்பத்தில் நிற்கவில்லை. பாதி வழிக் கல்லைத் தாண்டினாள். என் கண் முன்னால் அவள் முதுகும் சிவப்புப் பையும் மேலே மேலே போயின. ஒருமுறையாவது திரும்புவாள் என்று என் மனசு ஏங்கியதையும் மறைக்காமல் எழுதுகிறேன். திரும்பவில்லை. கண்ணீர் வந்தது. நின்று துடைக்க முடியாது, பின்னால் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், நானும் ஓட வேண்டியிருந்தது.

நைனாவுக்கு இதை யாராவது கடையில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். திட்டுவார். பெற்ற பிள்ளையைத் தேடாத அப்பன் என்று சொல்வார். சொல்லட்டும், அவர் சொல்வதில் எனக்குப் பாதி சம்மதம்கூட உண்டு.

மேட்டில் மூச்சு வாங்க நின்றேன். மாரி தன் வரிசையிலிருந்து ஓடி வந்தாள். கன்னம் சிவந்து, மூச்சு இரைக்க.

"நைனா, நீ நிக்கலியே?"

"இல்ல."

"நானும் நிக்கல," என்றாள். சொல்லிவிட்டு, என் கையைக்கூடத் தொடாமல் தன் தோழிகளிடம் ஓடிப்போனாள்.